பெயர்க்கல்லுக்குக் கீழே

என் வீட்டு யன்னலைத் திறந்தால் எதிரே தெரிகிற தண்ணீர்த் தாங்கியை நான் மூன்று மாதம் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் போதும். நிமிர்த்தவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது. இதைவிட வெட்கமானது இனித்தான் வருகிறது.

நான்கு தூண், உச்சியில் ஊருக்கே போதுமான தண்ணீர், காலடியில் முன்பள்ளி. கிழக்குத் தூணில் ஒரு வெடிப்பு ஓடத் தொடங்கியதும் சென்சர் பூட்ட ஒரு பொறியியலாளரை அனுப்பினார்கள். இளம்பெண். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிகள், வயர் கிடையாது. தூண் சரிந்தாலோ, வழமைக்கு மாறாக அதிர்ந்தாலோ காற்றிலேயே செய்தி அனுப்பும். போனில் பச்சை சிவப்பாகும். நான் ஊர்த் தண்ணீர்ச் சங்கத் தலைவன் என்பதால் என் போனிலும் ஏற்றித் தந்தார்.

அவர் ஏணியைக் கிழக்குத் தூணில் சாத்தினார். கூட வந்த அதிகாரி, பென்சனுக்குக் கிட்ட நிற்கிற மனிதர், கையைக் காட்டி மறித்தார்.

"உதிலை வேண்டாம் பிள்ளை. பெயர்க்கல் இருக்கு, ஆக்கள் படம் எடுக்கிற பக்கம். புண்ணுக்கு மருந்து கட்டின மாதிரித் தெரியும். மேற்குப் பக்கம் பூட்டுங்கோ."

"சேர், நோகிற இடத்திலைதானே பார்க்கவேணும்?"

"நாலு தூணும் ஒரே தாங்கியைத்தானே தாங்குது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அந்தக் கறுப்புக் கல்லில், திறந்து வைத்தவரின் பெயர் பெரிதாக, அதன்கீழ் அதிகாரியின் பெயர், கடைசி வரியில் எறும்பு அளவில் என் பெயர். மேற்கு நல்லது என்று தலையாட்டினேன். வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற மனிதன்.

இரண்டு மாதத்துக்கு மேல் போக, முன்பள்ளி ஆசிரியை உள்ளங்கை அளவு சீமெந்துத் துண்டோடு வாசலில் நின்றார்.

"அண்ணை, உது காலமை முத்தத்திலை விழுந்தது. பிள்ளையள் விளையாடுற இடம்."

போனை நீட்டினேன். "பாருங்கோ ரீச்சர், எல்லாம் பச்சை. தலைமயிர் அளவு அசைஞ்சாலும் இது சொல்லும்."

அவர் போனைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், போய்விட்டார்.

போனில் டேட்டா முடிந்துபோன ஒரு விடியற்காலை, வேறு வழியில்லாமல் யன்னலால் பார்த்தேன். பெயர்க்கல்லிலிருந்து நிலம்வரை ஈரம். ஓடிப்போய் வெடிப்பில் விரலை வைத்தேன். முதல் மூட்டுவரை உள்ளே போனது.

அந்தப் பெட்டிகளில் ஒரு பிழையும் இல்லை. நிற்கவைத்த இடத்தில் உள்ளதைத்தான் சொன்னன. மூளை உள்ளதாகச் சொல்லிக்கொள்கிற இரண்டு ஆண்கள், ஒரு கல்லின் அழகுக்காக, முப்பது பிள்ளைகளின் தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீரையும் தொங்கவிட்டிருந்தோம். சைக்கிளை எடுத்துக்கொண்டு அதிகாரியின் கந்தோருக்குப் போனேன். கோபத்தில் ஒரு காலுக்குத்தான் செருப்பு.

அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினார். "தம்பி, கோடு நேராத்தானே போகுது."

"நேராத்தான் போகும்! காய்ச்சல்காரனை விட்டுட்டுப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தேர்மாமீற்றர் வைச்சால் வேறென்னத்தைக் காட்டும்?"

மேசையில் அடித்தேன். அவருடைய தேநீர் கோப்புகளில் ஓடியது. அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

மத்தியானமே பொறியியலாளர் வந்தார். யாரிடமும் அனுமதி கேட்காமல் கல்லைக் கழற்றுவித்தார். பின்னால் வெடிப்பு இன்னும் அகலம். அங்கே இரண்டு பெட்டியைப் பூட்டித் தாங்கியைத் திறந்துவிட, தண்ணீர் இறங்க இறங்கத் தூண் அசைந்து அவருடைய போன் திரை சிவந்தது. அப்போது அதிகாரி என்னைப் போனில் அழைத்தார்.

"தம்பி, கல்லு உடையாமல் கழட்டினவையோ?"

நான் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

பின்னேரம் ரீச்சர் வீட்டுக்குப் போய், மேசையில் அடித்ததுமுதல் எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னேன். "இனி உங்கடை பிள்ளையளுக்குப் பயமில்லை" என்று முடித்தேன்.

"நல்லது அண்ணை," என்றார். "நீங்கள் போனைக் காட்டின அண்டைக்கே நான் அவையளைக் கோயில் மடத்துக்கு மாத்திப்போட்டன். மூண்டு கிழமையா முன்பள்ளியிலை ஒரு சத்தமும் இல்லை. உங்களுக்குத் தெரியேல்லையோ?"