சாவியை என்னிடமே கொடுத்த டீச்சர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதக் காலை. பெசன்ட் நகரில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் அடையாறில் இருக்கும் பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். தி.நகர் துணிக்கடையில் எட்டு வருடம் பில் போட்டவள் நான். முப்பத்திரண்டு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு கார் மெக்கானிக் பயிற்சியில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் நீலச் சீருடையைப் போட்டதுமே பாதி மெக்கானிக் ஆகிவிட்ட மிதப்பு.

மாதா கோயில் பக்கம் ஒரு பழைய கார் கிளம்பாமல் நின்றிருந்தது. அருகில், என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் தவித்துக்கொண்டிருந்தார். டீச்சராம். கோபாலபுரத்துப் பள்ளியில் பிளஸ் டூ தேர்வுக்குக் கண்காணிப்பாளர், எட்டரைக்குள் போயாக வேண்டுமாம். நான் மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. அந்த வழியாக வந்த கால் டாக்ஸிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கக் கேபிளும் எடுத்துத் தந்தார். மாட்டிவிடுகிறேன் என்றவரை விலக்கி, நானே மாட்டினேன். டீச்சர் கார் பேட்டரியின் முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இரண்டு ஒயரும் கறுப்பு. துணியால் துடைத்துப் பார்த்திருந்தால் கூட்டல் குறி தெரிந்திருக்கும். நான்கு பேர் வேடிக்கை பார்க்கும்போது அந்தப் பொறுமை எங்கே வரும்? குத்துமதிப்பாக மாட்டினேன். படீரென்று தீப்பொறி பறந்தது. மங்கலாகவாவது எரிந்துகொண்டிருந்த டாஷ்போர்டு விளக்கும் செத்துவிட்டது.

டாக்ஸிக்காரர் சட்டென்று கேபிளைப் பிடுங்கினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீச்சரிடம், "பழைய வண்டி மேடம், இப்படித்தான் ஆவும். அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்" என்று சொல்லிவிட்டு, சவாரி இருக்கிறதென்று கிளம்பிப் போனார்.

டீச்சரும் நம்பிவிட்டார். நேரத்தை ஒதுக்கி உதவ வந்தேனே என்று நன்றி வேறு சொன்னார். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தியவரிடம் போய், "டீச்சர், வண்டி மேல தப்பு இல்ல. நான்தான் மாத்தி மாட்டிட்டேன். இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன்.

அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். "உன்னால சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"தெரியல டீச்சர். மெயின் ஃபியூஸ் போயிருக்கும்னு நினைக்கிறேன்."

கார் சாவியை என் கையில் வைத்தார். "ரெண்டு மணிக்கு வருவேன். முதல்ல நீ பாரு. முடியலன்னா வேற ஆளைக் கூப்பிடலாம்."

ஆட்டோ போய்விட்டது. என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

பயிற்சி ஆசிரியருக்கு போன் செய்தேன். நன்றாகத் திட்டிவிட்டு, எந்த ஃபியூஸ், எப்படிக் கழற்றுவது, வேறென்ன சோதிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அடையாறு போய் ஃபியூஸ் வாங்கி வந்தேன். டீக்கடையில் வெந்நீர் கேட்டு வாங்கி பேட்டரி முனைகளைக் கழுவினேன். புது ஃபியூஸை மாட்டியபோது மணி பன்னிரண்டு. வண்டியைக் கிளப்ப இன்னொரு வண்டி வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அதே டாக்ஸி வந்து நின்றது.

"இன்னாம்மா, இன்னும் இங்கியே கீற?"

நடந்ததைச் சொன்னேன். என்னால் அவருடைய வண்டியும் கெட்டிருக்கலாம். இருந்தும் கேபிளை என்னிடமே நீட்டினார். இந்த முறை கூட்டல் குறியை விரலால் தடவிப் பார்த்து, அவரிடமும் காட்டிவிட்டு மாட்டினேன். முதல் திருகிலேயே இன்ஜின் உறுமியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காதது போல் கேபிளைச் சுருட்டினார்.

இரண்டேகாலுக்கு டீச்சர் வந்தார். முன்பின் தெரியாத என்னை எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன். "கிளாஸ்ல தப்பு பண்ற பிள்ளைங்களை தினம் பார்க்கிறேன். தானா வந்து சொல்றது ரொம்பக் கம்மி" என்று சிரித்தார். அடுத்த மாதம் ஆயில் மாற்ற என்னைத்தான் கூப்பிட்டார்.

இப்போது தி.நகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். என் கையால் ஏதாவது தவறு நேர்ந்தால், வண்டிக்காரரிடம் நானே முதலில் போய்ச் சொல்லிவிடுகிறேன். சிலர் கத்தத்தான் செய்கிறார்கள். ஆனால் கெடுத்தவளை நம்பியே காரை விட்டுப்போன அந்த டீச்சரை நினைத்துக்கொண்டால், அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு மறுபடி ஸ்பேனரை எடுக்கும் தைரியம் வந்துவிடுகிறது.