பதம் பார்க்கிற விரல்

என் அக்காவுக்கு மிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே அண்டா, அதே அடுப்பு. சூடு பார்க்கக் கருவி மாட்டியிருக்கிறார்கள். ஆனாலும் சூப்பர்வைசர், "அந்தம்மா விரல் சொல்லட்டும்" என்பார். அக்கா ஒரு சொட்டை வலது கை ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் இழுப்பாள். கம்பி அறுந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். நின்றால் இறக்கலாம். பிறகு அதை நாக்கில் வைத்துக்கொள்வாள். சூடு பட்டுப் பட்டு அந்த விரல் மரத்துப்போய்விட்டது.

எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை. முற்றின பிறகுதான் தெரிந்தது. முதலில் ஒரு கால் போனது, பிறகு கண். அதை நினைத்துத்தான் அக்கா மகள், வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்க்கிற மெஷின் ஒன்று அனுப்பினாள். "ஒண்ணும் இல்லாதப்பவே பாத்துக்கணும்மா" என்றாளாம்.

முதல் நாளே 286.

அக்கா மூச்சு விடவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் அண்டாவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அத்தானுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். வேலை விட்டு வந்ததும் வராததுமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குத்துவாள். 291. 274. காலண்டரின் பின்பக்கம் பொடியாக எழுதிவைப்பாள். சோற்றைக் குறைத்தாள், பிறகு ராத்திரிச் சாப்பாட்டையே விட்டாள். எண் இறங்கவில்லை. ஒரு லீவு நாளில் மட்டும் நூற்றிச் சொச்சம் காட்டியது. மெஷினுக்குக் கிறுக்கு என்று அதை எழுதவேயில்லை. அடுப்பு முன்னால் தலை சுற்றியது. விழுந்தால் கொதிக்கிற பாகு, விலகினால் வேலை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நின்றாள்.

ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள். "உன் வீட்டுக்காரர் போடற சர்க்கரை மாத்திரையில ஒரு அட்டை எடுத்துட்டு வா. யார்கிட்டயும் சொல்லாதே."

தப்பு என்று தெரிந்துதான் எடுத்துப்போனேன். வழியெல்லாம் ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவளும் அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்தாள். கதவைச் சாத்தினாள்.

"டாக்டர்கிட்ட கேக்காம எப்படிக்கா?"

"கேட்டா அப்பாவுக்குச் சொன்னதைத்தான் சொல்வார்."

வெளியிலிருந்து அத்தான், "அக்காளும் தங்கச்சியும் உள்ள என்ன ரகசியம்? எனக்கு ரெண்டாம் கல்யாணம் பேசறீங்களா?" என்றார்.

"முதல் கல்யாணமே உங்களுக்கு அதிகம்" என்றாள் அக்கா.

ஊசியை எடுத்து வலது ஆள்காட்டி விரலில் வைத்தாள்.

"ஏன் அந்த விரல்?"

"இதுதான் வலிக்காது."

மேஜை ஓரமாகப் போன எறும்பு ஒன்று திரும்பி, அந்த விரலில் ஏறியது. இன்னொன்றும் பின்னால் வந்தது.

"பாத்தியா, எறும்புக்கே தெரிஞ்சுபோச்சு" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, நீ இன்னும் குத்தவேயில்லையே. கை கழுவினியா?"

"கம்பெனியிலயே ஈரத்துணியில துடைச்சுட்டேனே."

இழுத்துக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவவைத்தேன். நன்றாகத் துடைத்து, இடது கையில் வேறு விரலில் குத்தினோம். வலித்தது. 127.

இத்தனை நாளும் விரலில் ஒட்டியிருந்த பாகைத்தான் மெஷின் காட்டியிருக்கிறது. மாத்திரை அட்டையைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டேன். அவள் மட்டும் அதில் ஒன்றை விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கை நரம்பில் ரத்தம் எடுத்தார்கள். 118. டாக்டரம்மா, "சர்க்கரை இன்னும் வரல. ஆனா வாசல்ல நிக்குது. இப்பவே வந்தீங்களே, நடந்தா, சாப்பாட்டைப் பாத்துக்கிட்டா, உள்ள வராம தடுக்கலாம். பட்டினி கிடக்காதீங்க" என்றார்.

வெளியே வந்து அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "இருக்குன்னு சொல்லியிருந்தா அழுது முடிச்சிருப்பேன். இல்லைன்னா சிரிச்சிருப்பேன். வாசல்ல நிக்குதாமே, நான் எப்படித் தூங்கறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதும் அதே அண்டாதான். பாகை நாக்கில் வைப்பதில்லை. சூப்பர்வைசர் கேட்டதற்கு, "விரல் போதும்" என்றாளாம். டாக்டரம்மா சொன்ன நாட்களில் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, இடது கையில் குத்துகிறாள். கதவு திறந்தே இருக்கிறது. "எவ்வளவு?" என்று அத்தான் வாசலிலிருந்தே கேட்கிறார்.

எண் தெரிய ஐந்து நொடி ஆகும். அந்த ஐந்து நொடியும் அக்கா தன் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.