பெரியப்பா என்றொரு குடும்பப் பெயர்

அப்பாவுக்கு ஓர் அண்ணா இருந்தார். இருந்தாரா, இருக்கிறாரா என்பதுதான் எங்கள் வீட்டின் தீராத தலைவலி. நான் பிறப்பதற்கு முன்பே, தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு, இனி இந்த மனுஷர் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போனவர். என்ன சண்டை என்று கேட்டால் அப்பா எழுந்து போய்விடுவார். கிழக்கு ஆப்பிரிக்காவில் எங்கோ பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கிறார் என்று யாரோ ஒருமுறை வந்து சொன்னார்களாம். அதற்கப்புறம் மூச்சு பேச்சு இல்லை. தாத்தா போய்ச் சேர்ந்தார். என் அம்மாவும் போனாள். மயிலாப்பூர் வீட்டில் மிஞ்சியது அப்பாவும் நானும், பதில் தெரியாத அந்த ஒரு கேள்வியும்.

வருஷம் முழுக்க அந்தக் கேள்வி தூங்கிக்கொண்டிருக்கும். புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தால் விழித்துக்கொள்ளும். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தில் பத்துப் பதினைந்து பேரை வரிசையாக உட்காரவைத்து சாஸ்திரிகள் தர்ப்பணம் செய்துவைப்பார். அப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லோருக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டபிறகு, அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று இறந்துபோன மற்ற உறவுகளின் முறை வரும். அந்த இடத்தில் அப்பா வாயை மூடிக்கொள்வார்.

"மாமா, உங்க தமையனார் பேரைச் சொல்லுங்கோ. நாழியாறது."

"அவன் இருக்கானா இல்லையான்னே தெரியலையே. உசுரோட இருக்கறவனுக்கு எள்ளைக் கொட்டச் சொல்றேளா?"

பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லாமல் போனவருக்கு, தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து வைத்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று சாஸ்திரம் இருக்கிறது. ஒரு வருஷம் சாஸ்திரிகள் அதைத் தன்மையாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு வந்ததே கோபம்.

"கடுதாசு போடலைங்கறதுக்காக ஒருத்தனைக் கொளுத்திடறதா?" என்றார். கூடத்தில் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அயர்ச்சியும்.

அதே வருஷம் மார்கழியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கட்டிலில் சாய்ந்துகொண்டு, "நான் போறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்டி. அண்ணா இல்லேன்னா இல்லேன்னு தெரியட்டும், அவனுக்கு ஒரு வாய்த் தண்ணியாவது விட்டுட்டுப் போறேன். இருந்தான்னா, ஒரு தடவை குரலைக் கேட்டாப் போறும்" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது எத்தனை பெரிய சரி என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஊரில் மூலைக்கு மூலை பிரவுசிங் சென்டர் திறந்துகொண்டிருந்தார்கள். நான் நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். சாயங்காலம் வேலை முடிந்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தி.நகர் போய், பனகல் பார்க் பக்கத்தில் ஒரு மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவேன். பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே ஒரு கணினி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மோடம் கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக இணைப்பு கிடைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். பக்கம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக இறங்கும். பக்கத்துத் தடுப்பில் கல்லூரிப் பையன்கள் யாரோ முன்பின் தெரியாத பெண்ணோடு அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். நான் பெரியப்பாவைத் தேடிக்கொண்டிருப்பேன்.

இரண்டு குழுக்களில் சேர்ந்தேன். ஒன்று, உலகமெங்கும் சிதறிக் கிடக்கும் தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் குழு. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துச் சண்டை போட்டுக்கொள்வார்கள். இன்னொன்று, வம்சாவளி தேடுகிறவர்களின் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்களுக்கு முதலில் தெரியவேண்டியது குடும்பப் பெயர். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போட்டுக்கொள்வோம் என்று எழுதினேன். குடும்பப் பெயர் இல்லாத மனிதர் உலகத்தில் இல்லை, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாரம்மா என்று அன்பாகப் பதில் வந்தது. எந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். கபாலீஸ்வரர் கோயிலில் பதிவேடு கிடையாது என்று எழுத நினைத்துக் கையை அடக்கிக்கொண்டேன்.

ஓர் அம்மாள் மட்டும் விடவில்லை. என் பெரியப்பாவைத் தேடுகிறேன் என்று நான் எழுதியதில் 'பெரியப்பா' என்பதையே குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கப்பல் பயணிகள் பட்டியல்களில் திருவாளர் பெரியப்பாவைத் தேடினாள். மூன்று வாரம் கழித்து, ஒருவர் கிடைத்துவிட்டார் என்று கொண்டாட்டமாக எழுதியிருந்தாள். மொரீஷியஸுக்குக் கரும்பு வெட்டப் போனவர், என் பெரியப்பாவுக்கு நூறு வயது மூத்தவர். நன்றி சொல்லி எழுதினேன். வேறு என்ன செய்ய?

தமிழர் குழு அதற்குமேல். ஒருவர் என் கோத்திரத்தைக் கேட்டு, பின்னாலேயே அமெரிக்காவில் இருக்கும் தம்பியின் ஜாதகத்தையும் அனுப்பிவைத்தார். ஒருவர், காணாமல்போனவர் கிடைக்க ஒரு சுலோகம் கொடுத்தார். இன்னொருவர், ஆப்பிரிக்கா போனவர்கள் எல்லாம் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று ஆரம்பிக்க, அதன்மேல் ஒரு வாரம் ஊரே திரண்டு அடித்துக்கொண்டது. கனடாவில் இருந்த ஒரு பெண்மணி மட்டும் சுருக்கமாக எழுதியிருந்தார். தான் உகாண்டாவில் படித்ததாகவும், தனக்குக் கணக்கு எடுத்தவர் மயிலாப்பூர்க்காரர் என்றும் சொல்லி, ஒரு பெயரையும் கொடுத்திருந்தார். அது என் தாத்தாவின் பெயர். தாத்தா செங்கல்பட்டைத் தாண்டினதில்லை. அந்தப் பெயர் மயிலாப்பூரில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும். நான் அதைத் தள்ளிவிட்டு அடுத்த மின்னஞ்சலுக்குப் போனேன்.

மாதங்கள் ஓடின. சென்டர் முதலாளிக்கே என் கதை மனப்பாடம் ஆகிவிட்டது. "இன்னா மேடம், இன்னுமா பெரியப்பா சிக்கல? லைன் வேற கட்டாய்க்கினே கீது, குந்துங்க" என்பார். வீடு திரும்பினால் வாசலிலேயே அப்பா. "ஏதாவது வந்துதாடி?" செருப்பைக் கழற்றக்கூட விடமாட்டார். இல்லை என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லே எனக்குக் கசந்துபோயிற்று. சில நாள் அவர் தூங்கின பிறகு போய்விடலாம் என்று லஸ் முனையிலேயே இறங்கி, வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன். அவர் தூங்கியிருக்க மாட்டார்.

ஒருநாள் வந்த மின்னஞ்சல்களைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்தேன், இனியாவது நான் சும்மா ஊர்சுற்றிவிட்டு வரவில்லை என்று நம்பட்டும் என்று. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னடி இது, எனக்கே கடுதாசு எழுதியிருக்கான்?"

வாங்கிப் பார்த்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் அப்பாவின் பெயரைப் போட்டு 'அன்புள்ள திருவாளர்' என்று ஆரம்பித்திருந்தார். எனக்குத்தான் எழுதியிருந்தார். மின்னஞ்சல் கணக்கு தொடங்கும்போது கடைசிப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டால் அந்த இயந்திரம் மேலே நகராது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை அடித்து வைத்திருந்தேன். உலகத்தில் பாதிப் பேர் என்னை அப்பா பெயரால்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் கவனிக்கவில்லை.

சிரித்துக்கொண்டே விளக்க ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டேன். கப்பலில் இருந்து இறங்கிய பெரியப்பாவையும் யாரோ ஒரு குமாஸ்தா இதையேதான் கேட்டிருப்பான். அவரும் முன்னெழுத்தை விரித்து, தன் அப்பா பெயரைத்தான் சொல்லியிருப்பார். அதுவே அவருக்குப் பெயராக நின்றிருக்கும். முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று கிளம்பிய மனுஷரை, போன ஊரில் காலையிலிருந்து ராத்திரிவரை அந்த அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மறுநாளே, தாத்தா பெயரை எழுதி அனுப்பியிருந்த அந்தக் கனடாக்காரருக்கு எழுதினேன். அவர் பழைய மாணவர்கள் நாலைந்து பேரைக் கேட்டுச் சொன்னார். உகாண்டாவிலிருந்து இந்தியர்களைத் துரத்தியபோது வாத்தியார் இங்கிலாந்து போய்விட்டாராம். அங்கே லெஸ்டரில் இருந்தாராம். நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாராம். ஒரு மகள் இருக்கிறாள், இது அவளுடைய மின்னஞ்சல் முகவரி.

அப்பாவிடம் உடனே சொல்லவில்லை. முதலில் உறுதிப்படுத்திக்கொள்வோம் என்று மகளுக்கு எழுதினேன். என் அப்பா தன் அண்ணாவைத் தேடுகிறார், அவர் உங்கள் தந்தையாக இருக்கலாம் என்று. பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் நான் செய்த அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடப்பிறந்தவர் யாருமில்லாத எனக்கு, இந்த வயதில் ஒரு தங்கை கிடைக்கப்போகிறாள் என்று மனசு குதித்தது. அவளுக்கு அனுப்ப பாண்டி பஜாரில் ஒரு சுங்குடிப் புடவைகூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

பதில் மரியாதையாக இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் காலமான தன் தந்தை மயிலாப்பூர்க்காரர்தான், ஆனால் நீங்கள் தேடுகிறவர் அவராக இருக்க முடியாது, ஏனென்றால் அவர் பெற்றோருக்கு ஒரே பிள்ளை என்று எழுதியிருந்தாள். அவருக்கு உறவென்று யாருமே கிடையாது, அதைச் சொல்லி அடிக்கடி வருத்தப்படுவார். இடது புருவத்துக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் பந்தைத் துரத்திக்கொண்டு போய்க் கோயில் குளத்துப் படியில் விழுந்ததாம். தூக்கிவிடக்கூட அன்றைக்குப் பக்கத்தில் ஆளில்லை, ரத்தம் ஒழுகத் தனியாகவே வீட்டுக்கு நடந்தேன் என்பாராம்.

அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாக்கியங்களைக் கட்டிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. பேசாமல் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஆங்கிலம் என்னைவிட அவருக்கு நன்றாக வரும்.

நிதானமாகப் படித்தார். திருப்பி ஒருமுறை படித்தார்.

"தனியாவா நடந்தான்? நான்தானே கூட வந்தேன். என் துண்டைத்தான் வெச்சு அழுத்திண்டே வந்தேன். குளத்துலேர்ந்து ஆத்து வாசல் வரைக்கும் அழுதது நானு, அவன் அழவே இல்லே."

பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார். லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்டிருந்த காலம். ஆளுக்கு ஒரு வாளி என்று கணக்கு வைத்திருந்த மனுஷர், வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. சாவுச் செய்தி கேட்டால் தலைக்கு ஊற்றிக்கொள்வது வழக்கம். வெளியே நின்றுகொண்டிருந்த எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இத்தனை வருஷம் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் காத்திருக்க, அங்கே ஒருத்தர் தம்பியே இல்லை என்று சொல்லி வாழ்ந்து முடித்திருக்கிறார்.

"நான் அவளுக்கு எழுதப்போறேம்ப்பா. துண்டு விஷயத்தையும் எழுதறேன். உங்க கல்யாண போட்டோல அவர் இருக்காரே, அதையும் அனுப்பறேன். அவ நம்பித்தான் ஆகணும்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வேண்டாம்."

"ஏன்?"

"அவளுக்கு அப்பான்னு இருந்தது அவன் ஒருத்தன். அவன் பொய் சொன்னான்னு அந்தக் குழந்தைக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போறது? அது வேற மனுஷாள்தான், தப்பா எழுதிட்டேன், மன்னிச்சுக்கோன்னு எழுதிடு."

"எனக்குன்னு இருக்கறதும் அவ ஒருத்திதாம்ப்பா."

அப்பா கதவைத் திறந்தார். ஈர வேட்டியோடு வெளியே வந்து என் தலையில் கையை வைத்தார். அவர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை. எனக்கு அதற்குமேல் வழக்காடத் தெம்பில்லை.

மறுநாள் அவர் சொன்னபடியே எழுதினேன். நீங்கள் சொல்வதுதான் சரி, நாங்கள் தேடுகிறவர் வேறு ஒருவர், தொந்தரவுக்கு மன்னிக்கவும். இரண்டு வரிதான். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, இணைப்பு அறுந்துபோகாதா என்று கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்றைக்கும் இல்லாமல் அன்றைக்கு உடனே போய்விட்டது.

அடுத்த வாரம் அவளிடமிருந்து பதில் வந்தது. இதில் மன்னிப்புக்கு என்ன இருக்கிறது, தன்னைப் போன்ற யாருமற்றவர்களுக்குத்தான் உறவின் அருமை தெரியும், உங்கள் அப்பாவுக்கு அவருடைய அண்ணா சீக்கிரமே கிடைக்கவேண்டும் என்று சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நன்னா வளர்த்திருக்கான்" என்றார்.