கரும்பலகை மூலையில் 4.10

கரும்பலகையின் வலது மூலையில் 4.10 என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்ட பிறகுதான் மூத்த மேடம் பாடத்தைத் தொடங்குவார். அது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸின் நேரம். கணக்கில் இறங்கிவிட்டால் அவருக்கு வீடே மறந்துபோகும். பலகையைத் துடைக்கிறவர்கள்கூட அந்த வட்டத்தை விட்டுவிட்டுத்தான் துடைப்பார்கள். மேடம் மறுநாள் அதன்மேலேயே எழுதிக்கொள்வார். அந்த வட்டம் பின்னாளில் என் மண்டையைக் காய வைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த கல்லூரியில் கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. கணக்குத் துறையில் இரண்டு மேடம்கள். இளைய மேடத்துக்கு வீடு பக்கத்துத் தெரு என்பதால் காலையில் முதல் ஆளாக வந்து பாடங்களைப் பதிவு செய்யும் வகுப்பறைக் கம்ப்யூட்டரைத் தன் பெயரில் திறப்பார். ஒருமுறை அணைத்தால் அது மறுபடி எழுவதற்குள் பாதி வகுப்பு போய்விடும். அதனால் சாயங்காலம் வரை யாரும் அதில் கை வைப்பதில்லை. ஆக, மூத்தவர் நடத்திய பாடங்களும் இளையவர் பெயரிலேயே பதிவாகிக்கொண்டிருந்தன. கேமரா பலகையை மட்டும்தான் பார்க்கும். மைக்கோ இருவர் குரலையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். அப்போது அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

இளைய மேடம் வேறு கல்லூரிக்குப் போனார். அவர் பெயரில் இருந்த பதிவுகள் மாதக் கடைசியில் அழிந்துவிடும் என்று கணினி அறிவித்தது. அதே சமயத்தில், ஓய்வு பெற்றிருந்த மூத்த மேடத்துக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்து குரல் போய்விட்டது. அவர் மகள் போன் செய்தார். "அம்மா பேசுனது ஒண்ணாவது கெடைக்குமாண்ணே? வீட்டுல எதுவுமே இல்ல."

4.10 தெரிந்த பதிவுகளையெல்லாம் மூத்தவர் பெயருக்கு மாற்றி, பெருமையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போனேன். முதல் பதிவைக் கேட்டதும் மேடம் தலையை ஆட்டினார். ஒரு தாளில் 'இது நான் இல்ல' என்று எழுதினார். அடுத்த மூன்றுக்கும் அதே தாளைத்தான் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழிக்காத வட்டம் மறுநாள் காலை இளையவர் வகுப்பிலும் இருந்திருக்குமே! ஆனால் தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாதே என்றும் தோன்றியது. மகளைப் பார்த்தேன். "அம்மா மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தாவது பதிவில், பின் பெஞ்சில் யாரோ புத்தகத்தை மூடும் சத்தம். உடனே குரல் சீறியது. "ஏலே, ஒனக்கு எதுக்கு அம்புட்டு அவசரம்? பஸ்ஸு எனக்குத்தான்!" என் பக்கத்தில் மேடத்தின் உதடுகள் அதே சொற்களைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன. பிறகு அந்தத் தாளை இழுத்து, 'இல்ல' என்பதை மட்டும் அடித்தார்.

மற்றவற்றில் இருப்பது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊர் திரும்பியதும் இளைய மேடத்திடம் போனில் என் குழப்பத்தைச் சொன்னேன். "எல்லாத்தையும் அவிய பேர்லயே இருக்க விடுங்கண்ணே. நான்தான் தெனமும் பேசிக்கிட்டு இருக்கேனே," என்றார்.

அப்படியே விட்டுவிட்டேன். அந்த அறையில் இப்போது வெள்ளைப் பலகை. வலது மூலையில் ஒன்றுமில்லை. ஆனாலும் சாயங்காலம் பஸ் ஹாரன் கேட்டால், மேடம் கிளம்பிவிட்டாரா என்று ஒரு நிமிடம் குழம்பிப்போய் எட்டிப் பார்க்கிறேன்.