டன் அண்ணனும் எழுநூறு கிராம் பூனைக்குட்டியும்

லாரி எடை மேடையில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவரை எங்கள் தெருவில் டன் என்றுதான் கூப்பிடுவோம். கிலோவெல்லாம் அவருக்குத் தூசு. தக்காளி வாங்கிவரச் சொன்னால்கூட எத்தனை டன் என்று கேட்கிற ஆள். அப்பேர்ப்பட்டவரை ஒரு பூனைக்குட்டி மண்டி போட வைத்தது.

குட்டியைக் கொடுத்தவள் அவருடைய மச்சினி. அவள் வீட்டில் நான்கு பூனைகள், ஒவ்வொன்றும் ஒரு தலையணை. தெரியாமல் தலை வைத்துப் படுத்துப் பிறாண்டல் வாங்கிய விருந்தாளிகள் உண்டு. டன் வீட்டுக்கு வந்த குட்டியோ, எதை வைத்தாலும் மனுவைப் பார்த்த அதிகாரி மாதிரி ஒரு முறை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்து அதன் விலாவைத் தடவிப் பார்த்தாள்.

"மச்சான், இது பூனையா, கம்பியில பஞ்சு சுத்தி வச்சிருக்கீங்களா? மூணு வாரம் டைம். ஒரு கிலோ ஆகலன்னா கூடையில போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

டன் குட்டியை வாரி மடியில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வருகிற ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான். மனைவி டிவியை விட்டுத் திரும்புவதுகூட இல்லை.

மறுநாள் குட்டியை வேலைக்குக் கொண்டுபோய் எடை மேடையின் நடுவில் வைத்தார். திரையில் பூஜ்யம். யானைக் கூட்டமே ஏறினாலும் அசராத மேடை அது, குட்டியைச் சட்டை செய்யவே இல்லை. வரிசையில் நின்ற லாரி டிரைவர் தலையை நீட்டினார்.

"அண்ணே, லோடு பெருசா இருக்கே. இறக்க ஆள் அனுப்பவா?"

வீட்டில் கட்டிலுக்கடியில் ஆட்கள் ஏறி நிற்கிற எடை மெஷின் ஒன்று கிடந்தது. குட்டி மட்டும் ஏறினால் அதுவும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் டன்னுக்குத் தொழில் தெரியும். லாரியைக் காலியாக ஒரு தடவை எடை போட்டு எழுதி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் லோடோடு போட்டு, காலி எடையைக் கழித்துவிடுவார்கள். முதலில் தான் மட்டும் ஏறினார். எழுபத்திரண்டு கிலோ நானூறு. சுவரில் எழுதினார். குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். எழுபத்து மூன்று கிலோ நூறு. ஆக, குட்டி எழுநூறு கிராம்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் தரையில் நாலு காலில் நின்றார் மனிதர். வேகவைத்த மீன், கோழி, முட்டையின் மஞ்சள் கரு. குட்டி கொட்டாவி விடும். உடனே இவர் ஒரு வாய் எடுத்துப் போட்டு, கண்ணை மூடி, ஊருக்கே கேட்கிற மாதிரி சப்புக் கொட்டுவார்.

"ஏங்க, பூனைக்கு ஊட்டுறீங்களா, நீங்களே முழுங்குறீங்களா?" என்றாள் மனைவி.

"ஆசை காட்டுறேன்டி. ஒருத்தர் ரசிச்சு சாப்பிட்டா பக்கத்துல இருக்கறவங்களுக்குப் பசி எடுக்கும்ல?"

"எடுக்குது. எனக்கு. என் பங்கு மீனையும் சேர்த்துத்தான ஆசை காட்டுறீங்க."

தட்டு தினமும் காலியானது. மெஷினில் எண்ணும் ஏறியது. சுவரில் இருந்ததைக் கழித்துக் கழித்து, குட்டி ஒரு கிலோ இருநூறு, ஒரு கிலோ எண்ணூறு என்று தெரு முழுக்க அறிவித்துக்கொண்டு திரிந்தார். பார்க்க அப்படியேதானே இருக்கிறது என்று யாராவது கேட்டால், "எடை எலும்புல ஏறுதுப்பா, வெளிய தெரியாது" என்பார். சட்டைப் பொத்தான் தெறித்ததற்குத் தையல்காரரைத் திட்டினார்.

மூன்றாம் ஞாயிறு மச்சினி கூடையோடு வந்தாள். டன் குட்டியோடு மெஷினில் ஏறினார். எழுபத்து நான்கு கிலோ தொள்ளாயிரம்.

"கழிச்சுக்கோம்மா. ரெண்டரைக் கிலோ. கூடை தாங்காது."

மச்சினி பக்கத்து வீட்டுச் சமையலறைத் தராசை வாங்கிவந்து குட்டியை அதில் உட்கார வைத்தாள். எழுநூற்று இருபது கிராம்.

"மச்சான், இப்ப நீங்க மட்டும் ஏறுங்க."

ஏறினார். எழுபத்து நான்கு கிலோ இருநூறு. சுவரில் எழுதியிருந்ததோ எழுபத்திரண்டு கிலோ நானூறு.

மனைவி அன்றைக்கு டிவியை விட்டுத் திரும்பினாள். சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தாள். டன் சிரிக்கவில்லை. குட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தூக்கிட்டுப் போயிடாதம்மா. நான் இல்லாத வீட்டுல அது சாப்பிடாது."

"நீங்க இருக்கற வீட்டுலயே சாப்பிடலையே. முதல்ல வெளிய போங்க. ஒரு ஆள் மூஞ்சிக்கு நேரா சப்புக் கொட்டிட்டு நின்னா எனக்கே தொண்டையில இறங்காது."

அவரை வாசலுக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். மீனைக் கொஞ்சம் சூடு பண்ணித் தட்டில் வைத்துவிட்டு, அக்காவும் தங்கையும் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் நறுக் நறுக்கென்று கேட்டது. வெளியே டன் கதவில் காதை ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தார்.

மச்சினி வெறும் கூடையோடு வெளியே வந்தாள்.

"அக்கா, குட்டி இருக்கட்டும். மச்சானை வேணா ஒரு மாசம் கூட்டிட்டுப் போறேன், கொஞ்சம் இளைக்கட்டும்."

இப்போதெல்லாம் மூன்று வேளையும் கால் மணி நேரம் டன் வாசலில் நிற்கிறார். வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்களா என்று போகிறவர்கள் கேட்கிறார்கள்.

"மெதுவாப் பேசுப்பா," என்கிறார். "உள்ள லோடு ஏறிட்டிருக்கு."