கிருஷ்ணகுமாரி நடந்து பார்த்த வீடு

றக்வானையிலிருந்து மேலே ஏறுகிற பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற கடைசி இடத்தில்தான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் கிருஷ்ணகுமாரி. கூரை மரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். அவள் ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவாள். கடைசித் தொட்டிலுக்கு வருவதற்குள் முதல் தொட்டில் நின்றிருக்கும். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அவள் கணவன் இந்திரகுமாருக்குத் தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கிற அடுப்பில் வேலை. சத்தம் போட்டுப் பேசாத இரண்டு பேர்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரிக்காலத்தில் ஒரு ஜப்பான்காரப் பெண் முதுகில் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பெயர் சயோகோ. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய அவளை அனுப்பியிருந்தார்கள். கொழும்பில் வைத்து அவளுக்கு மூன்று மாதம் சிங்களம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் தமிழ் பேசுகிறவர்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. வந்த அன்று பிள்ளைகள் பேசியதைக் கேட்டு அவள் முகம் அப்படியே வாடிப்போனது. கிருஷ்ணகுமாரிதான் பக்கத்தில் போய்ச் சிங்களத்தில், "பயப்படாத நங்கி, நான் இருக்கேன்ல," என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் அவள். நங்கி என்றால் தங்கச்சி. அக்கா என்பது இரண்டு மொழியிலும் அக்காதான். அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும், இருவருக்குமே சொந்தமில்லாத ஒரு மொழியில் பேசிக்கொண்டார்கள்.

சயோகோ எல்லாவற்றையும் பற்றிப் பேசுவாள், தன் வீட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். கேட்டால், "இருட்டு வீடு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கப் போய்விடுவாள்.

ஒரு மத்தியானம் மழை தகரத்தில் கொட்டியது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். சயோகோ என்ன நினைத்தாளோ, வெண்கட்டியை எடுத்துக்கொண்டு சிமெந்துத் தரையில் மண்டியிட்டாள்.

"இது தெரு," என்று ஒரு கோடு இழுத்தாள். "இதுதான் எங்க வீட்டு முகப்பு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அக்கா. ஆனா உள்ளே போய்ட்டே இருக்கும். எங்க ஊர்ல இதுக்கு விலாங்கு மீன் படுக்கைன்னு பேரு."

அவள் கோட்டை நீட்டிக்கொண்டே போனாள். தொட்டில்களின் கீழே குனிந்து, பாய்களைச் சுருட்டி ஒதுக்கி, மறுசுவர் வரைக்கும். அவர்கள் பரம்பரையாக மெழுகு வியாபாரிகள். ஒரு மரத்தின் காயிலிருந்து மெழுகு எடுத்து, அதில் வர்த்தி செய்து விற்றவர்கள். முகப்பில் கடை. கடையின் ஓரமாக, தெருவிலிருந்து பின்வாசல் வரைக்கும் ஒரே மண்தரை நடை. செருப்போடு அதில் போகலாம். அடுப்பும் அங்கேதான். நடையிலிருந்து முழங்கால் உயரம் ஏறினால் பாய் விரித்த அறைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. தெருப் பக்கம் முழுக்க மெல்லிய மரச்சட்டங்கள். உள்ளேயிருந்து பார்த்தால் தெரு தெரியும், தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாது. நடுவில் வானம் பார்த்த சின்னத் தோட்டம். பின்னால் தடிச் சுவர் எழுப்பி வெள்ளை பூசிய சரக்கு அறை. தீப்பிடித்தால் அதன் கதவிடுக்குகளை மண்ணால் அடைத்துவிடுவார்களாம்.

"பக்கத்துல என்ன இருக்கு?"

"இதே மாதிரி ஒரு வீடு. அதுக்குப் பக்கத்துலயும் இதே மாதிரி. சுவரோட சுவரா."

"அட, லயம்!" என்று சிரித்தாள் கிருஷ்ணகுமாரி. தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளுக்கு லயம் என்றுதான் பேர்.

சயோகோ நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. "லயம்தான். வியாபாரிங்க லயம். முந்நூறு வருஷத்து லயம். அதை அப்படியே காப்பாத்தணும்னு சட்டம் போட்டுட்டாங்க. ஒரு ஜன்னல் மாத்த முடியாது. ஒரு ஆணி அடிக்கணும்னாலும் கேட்டுத்தான் அடிக்கணும்."

"நாங்களும் தோட்டத்துத் தொரையக் கேட்டுத்தான் ஆணி அடிக்கணும்."

அவளுடைய அம்மா அந்த வீட்டில்தான் இறந்திருக்கிறாள். அப்பா அங்கே தனியாக இருந்தார். அடுத்து அந்த வீட்டைக் கட்டிக் காக்க வேண்டியவள் ஒரே மகளான சயோகோ. "அந்த வீடு என்னையே பார்த்துட்டிருக்கும் அக்கா. அதான் இவ்வளவு தூரம் ஓடி வந்தேன்," என்றாள்.

பிள்ளைகள் எழும்பிப் பார்த்தபோது தரை முழுக்க ஒரு வீடு கிடந்தது. அதற்குப் பிறகு தினமும் அதுதான் விளையாட்டு. சுவரை மிதித்தால் ஆட்டத்திலிருந்து வெளியே. கதவு வழியாகத்தான் போக வேண்டும். சரக்கு அறையில் ஒளிந்துகொள்வார்கள். கோடு அழிந்தால் சயோகோ திரும்ப வரைவாள். தவழ்கிற பிள்ளை ஒன்று மட்டும் சட்டதிட்டம் பார்க்காமல் எல்லாச் சுவர்களையும் தாண்டிப் போகும். கிருஷ்ணகுமாரியும் மத்தியானங்களில் அந்த வீட்டுக்குள்ளே நடந்தாள். எந்த அறையில் எவ்வளவு வெளிச்சம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டு நடுவிலிருந்த சின்னத் தோட்டத்தில், சயோகோ சொல்லியிருந்த மரத்தை மனதிலேயே எடுத்துவிட்டு ஒரு கொய்யா மரம் வைத்தாள். மண்தரை நடையில் இந்திரகுமாரின் சைக்கிளைச் சாய்த்து வைத்தாள்.

தொண்ணூற்றெட்டில் சயோகோ போய்விட்டாள். பஸ் திரும்புகிற வரைக்கும் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். மழை ஈரம் ஏறித் தரையில் இருந்த வீடும் அழிந்துபோனது. கிருஷ்ணகுமாரி மட்டும் அதை விட்டு வெளியே வரவில்லை. தொட்டிலை ஆட்டும்போது அவள் கண் பாதி மூடியிருக்கும். நாங்கள் ஏதாவது கேட்டால் சற்றுப் பொறுத்துத்தான் பதில் வரும். அந்த நீளமான வீட்டின் பின்கட்டிலிருந்து முன்னால் நடந்து வருகிற நேரம் அதற்குப் பிடிக்கும் போல.

இரண்டாயிரத்து ஏழில் சயோகோ தொலைபேசியில் கூப்பிட்டாள். அந்தச் சிங்களம் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, வீட்டை நகரசபையிடம் ஒப்படைக்கப் போகிறேன், காட்சிசாலையாக்கி வைத்துக்கொள்வார்கள் என்றாள். "அதுக்கு முந்தி நீங்க வந்து ஒரு தடவை பார்க்கணும் அக்கா. டிக்கெட் நான் அனுப்புறேன்."

கிருஷ்ணகுமாரி ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு இந்திரகுமாரிடம் சொன்னாள். அவன் தேயிலைத் தூசி படிந்த கையைக் கழுவிக்கொண்டே, "போய்ட்டு வா. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது கடலைத் தாண்டணும்ல," என்றான்.

ஐப்பசி மாதத்தில் போனாள். விமானம், ரயில், பிறகு இன்னொரு ரயில். அந்த ஊர்த் தெருவில் மின்கம்பங்களே இல்லை. இரண்டு பக்கமும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. மஞ்சள் பூசிய சுவர்கள், சாம்பல் நிற ஓடுகள், வீட்டுக்கு வீடு கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற தீத்தடுப்புச் சுவர்கள். கூட்டிக்கொண்டு வந்த சயோகோ ஒரு வாசலில் நின்றாள்.

"நீ முன்னால போகாத நங்கி," என்றாள் கிருஷ்ணகுமாரி. "நான் போறேன்."

அவள் உள்ளே போனாள். யாரும் வழி சொல்லவில்லை. கடை, அடுப்பு, ஏறுபடி, முதல் அறை. கதவைத் தள்ளாமல் பக்கவாட்டில் இழுத்தாள். தோட்டத்து வெளிச்சம் காகிதக் கதவுகளில் பட்டு, குளத்தின் அடியில் நிற்பது போல அறை பச்சையாக இருந்தது. தான் நினைத்துவைத்த அதே வெளிச்சம். அவள் கால்கள் தாமாக நடந்தன. ஆனால் தரையின் குளிர் அவளுக்கு அதுவரை தெரியாது. நூற்றாண்டுகளாகப் படிந்த புகையின் வாசனை தெரியாது. மண்தரை நடையின் மேலே, தலைக்கு மிக உயரத்தில், கறுத்துப்போன ஒரு பெரிய உத்தரம் வளைந்து கிடந்தது. அதையும் சயோகோ வரையவில்லை. தரையில் உத்தரத்தை வரைய முடியாதே.

வெள்ளைச் சரக்கு அறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். எங்கும் ஒரு சத்தமும் இல்லை.

"பிள்ளைங்க எங்க?" என்று அவளை அறியாமலே கேட்டுவிட்டாள்.

சயோகோ அவளை முன்பக்கம் கூட்டிப் போனாள். முன்னறையில், மரச்சட்டங்களுக்குப் பின்னால், அவளுடைய அப்பா மெத்தையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றுலாப் பயணிகள் அவர் முகத்துக்கு நேரே நின்று வீட்டைப் படம் பிடித்தார்கள். உள்ளே ஒரு மனிதர் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

கிருஷ்ணகுமாரி அவரைத் தாத்தா என்று கூப்பிட்டாள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ஆகவே சயோகோவுக்கு அது சரியாகவே கேட்டது. கிழவர் தலையை அசைத்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் அவளால் ஒழுங்காகச் சொல்ல முடிவதில்லை. காலையில் மரப்பலகைகளைத் திறக்கும்போது வெளிச்சம் கோடுகோடாக வந்து பாயில் விழுமாம். மத்தியானத்தில் அந்தக் கோடுகள் சுவரில் ஏறுமாம். தூங்கி எழும்புகிற நேரத்தில், தான் வீட்டுக்குள்ளே இருக்கிறாளா, வீடு தனக்குள்ளே இருக்கிறதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் படுத்திருப்பாளாம். ஒரு நாள் மழை வந்தது. வீட்டுக்கு நடுவில், சின்னத் தோட்டத்துக்குள் மட்டும் மழை நின்று பெய்தது. சுற்றிலும் பாய்கள் காய்ந்தபடி கிடந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கன்றுக்குட்டியைப் பார்ப்பது போல அந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டை ஒப்படைப்பதற்கு முன் ஊராருக்கு ஒரு நாள் திறந்து காட்டினார்கள். கிருஷ்ணகுமாரி அரக்குச் சேலை உடுத்திக்கொண்டு, தோட்டத்திலிருந்து கொண்டுபோயிருந்த தேயிலையில் நல்ல சாயமாகத் தேத்தண்ணி ஊற்றினாள். கூட்டத்தில் ஒரு இளந்தாய் வந்திருந்தாள். அவள் கையிலிருந்த பிள்ளை அழுதது. யார் யாரோ வாங்கிப் பார்த்தார்கள், அழுகை ஏறியதே தவிர இறங்கவில்லை. தாய் வெட்கப்பட்டு வெளியே போகத் திரும்பினாள்.

கிருஷ்ணகுமாரி உள்ளே ஓடித் தன் மாற்றுச் சேலை ஒன்றை எடுத்து வந்தாள். சயோகோ கொடுத்த ஏணியில் ஏறி, சேலையை அந்தக் கறுத்த உத்தரத்தின் மேலே போட்டு, இரண்டு நுனியையும் இழுத்து முடிந்தாள். தன் கையை அதில் ஊன்றிப் பாரம் பார்த்தாள். பிறகு தாயிடம் கையை நீட்டினாள். அந்தப் பெண் ஒரு நிமிடம் தயங்கி, பிள்ளையைக் கொடுத்தாள். கிருஷ்ணகுமாரி சேலைக்குள் பிள்ளையைக் கிடத்தி, தன் லயத்துத் தாலாட்டில் பாதியை முணுமுணுத்தாள். அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி, மூச்சு தூக்கமானது. தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள்.

நகரசபை அதிகாரி முன்னால் வந்து உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். ஏணியில் ஏறியும் பார்த்தார். இறங்கி வந்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் கிருஷ்ணகுமாரி பயந்துபோய்.

"ஆணி அடிக்கலயே, அதனால தப்பில்லையாம்," என்றாள் சயோகோ. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் கிழவர் முன்னறையிலிருந்து எழுந்து வந்தார். மண்தரையில் இறங்கி, தொட்டில் பக்கத்தில் நின்று, ஒரு விரலால் அதைத் தள்ளிவிட்டார். அது போய்த் திரும்பி வந்தது. இன்னொரு தடவை தள்ளினார். பிறகு தானாகப் பேசத் தொடங்கினார். சயோகோ ஒவ்வொரு வாக்கியமாகச் சிங்களத்தில் சொன்னாள். அவர் சிறுவனாக இருந்தபோது மெழுகு உருக்க வருகிற பெண்கள் தங்கள் பிள்ளைகளை இந்த நடையில்தான் கிடத்திவிட்டு வேலை செய்வார்களாம். அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில், கூடைகளில். காலை முழுக்க வீடு கத்திக்கொண்டே இருக்குமாம். "நான் அதை மறந்தே போனேன்," என்றார்.

சயோகோ அன்று கையெழுத்துப் போடவில்லை. நாளை வருகிறேன் என்று அதிகாரியிடம் சொன்னாள். மறுநாளும் போகவில்லை. அந்த இளந்தாய்தான் மறுநாள் காலையில் வந்தாள், கூடவே இன்னொரு தாயையும் அழைத்துக்கொண்டு. அந்தத் தெருவில் பகலில் பிள்ளைகளை விட்டுப் போக ஒரு இடமில்லையாம், தூரத்து ஊருக்குத்தான் போக வேண்டுமாம்.

"அக்கா, இந்த முடிச்சை எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டாள் சயோகோ.

"ரெண்டு வருஷம் என்கூட இருந்தியே, பார்க்கலயா?"

"அப்போ நான் தரையைப் பார்த்துட்டிருந்தேன்."

கிருஷ்ணகுமாரி சொல்லிக்கொடுத்தாள். அவள் திரும்பி வரும்போது பையில் உடுத்தியிருந்தது போக ஒரேயொரு சேலைதான் மிஞ்சியிருந்தது. இந்திரகுமார் பஸ் நிற்கிற இடத்தில் குடையோடு காத்திருந்தான். பெரிய வீடா என்று கேட்டான். "நீளமான வீடு," என்றாள். ஒரே குடைக்குள் இரண்டு பேரும் லயத்துக்கு நடந்தார்கள்.

வீடு நகரசபைக்குப் போகவில்லை. சட்டப்படி ஒரு ஜன்னலும் மாறவில்லை. காலை நேரத்தில் சயோகோவிடம் பிள்ளைகள் வருகிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் கிழவர் இறந்துபோனார். சரக்கு அறையைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுவது கடைசி வரைக்கும் அவருடைய வேலையாக இருந்ததாம்.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. கிருஷ்ணகுமாரியிடம் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால்தான் அது பேசும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் அங்கே போய் உட்காருவாள். சில வாரம் சயோகோ கூப்பிடுவாள், சில வாரம் கூப்பிடமாட்டாள். போன வாரம் கூப்பிட்டபோது அதிகம் பேசவில்லை. போனை எங்கேயோ வைத்துவிட்டாள் போலிருக்கிறது. ஏதோ விசேஷத்துக்காகக் கூடியிருந்த பிள்ளைகள் புரியாத மொழியில் பாடுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. கீழே தொழிற்சாலைக் கூரையை மூடுபனி ஏறி மறைத்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள்.