அக்கா கொடுத்த காமாலை மருந்து

என் அக்காவுக்கு நான் செய்ததை ஊரில் யாரும் குற்றமாகச் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. அதனால்தான் நானே எழுத வேண்டியிருக்கிறது.

ஓமலூருக்கு மேற்கே எங்கள் ஊர். பத்தொன்பது வயதில் கணவரை இழந்து, குழந்தையும் இல்லாமல், அக்கா வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். புகுந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்தது மாமியார் சொல்லிக்கொடுத்த மஞ்சள்காமாலை மருந்து ஒன்றுதான். பொழுது கிளம்புவதற்கு முன் கிணற்றில் தலை முழுகி, ஈரச் சேலையோடு போய் இலை பறித்து வருவாள். பறித்ததிலிருந்து கொடுத்து முடிக்கும்வரை பேச மாட்டாள். நெல்லிக்காய் அளவு அரைத்து உருட்டி, வெள்ளாட்டுப் பாலில் கரைத்து, வெறும் வயிற்றில் மூன்று நாள் கொடுப்பாள். உப்பு, புளி, எண்ணெய் ஆகாது. கூலி வாங்கக் கூடாது. என்ன இலை என்று யாரும் கேட்கக் கூடாது. பெயர் வெளியே தெரிந்தால் மருந்து பலிக்காது என்பது கட்டு.

ஒரு காரியமாகப் புறப்படுகிறவர்கள் தாலி அறுத்தவள் எதிரே வந்தால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும் காலம் அது. காமாலை கண்டவர்கள் மட்டும் விடிந்தும் விடியாமலும் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, அக்காவின் முகத்தில்தான் விழித்தார்கள். பத்தியம் முடிந்ததும் முதல் உப்புச்சோற்றை அவள் கையால் வாங்கித் தின்றார்கள். அந்த நாட்களில் அவள் நடையே வேறாக இருக்கும்.

நான் அப்போது சேலத்தில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்தபோது, அக்கா அரைத்து மீதி வைத்திருந்த ஒரு கொத்தைப் பார்த்தேன். இலைக்கு அடியில் வரிசையாகக் காய்கள். கீழாநெல்லி. தாவரப் பாடத்தில் படம் வரைந்து, லத்தீன் பெயர் எழுதிய செடி. எங்கள் வாய்க்கால் வரப்பெல்லாம் அதுதான். சொறி சிரங்குக்கு அதை உப்பு வைத்து அரைத்துப் பூசுவது எல்லோருக்கும் தெரியும். காமாலைக்கும் அதுதான் என்பது தெரியாது.

அன்று கடலைக்காட்டில் கொடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் அக்காவிடம் மருந்து குடித்துப் பிழைத்த வண்டிக்காரரும் இருந்தார்.

“உங்கக்கா கைராசிங்க தம்பி. கண்ணு மஞ்சளாப் பூத்துக் கெடந்தனுங்க. இப்பப் பாருங்க” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வரப்பிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். “கைராசியெல்லாம் இல்லைங்க. இந்தக் கீழாநெல்லிதான். யார் அரைத்தாலும் கேட்கும்” என்றேன். லத்தீன் பெயரையும் சொன்னேன்.

“ஏனுங்க, இதா? எங்கூட்டு எருமை தெனமும் இதையுந்தான் மேயுது!”

“அப்ப உன்ற எருமைக்குக் காமாலையே வராது, போ” என்றாள் கொடி பிடுங்கிக்கொண்டிருந்த ஒருத்தி. காடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாயங்காலத்துக்குள் அக்காவுக்குச் செய்தி போய்விட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும், “சொல்லிப்போட்டயா சாமி?” என்று மட்டும் கேட்டாள்.

“நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுதானக்கா. நீயும் இந்தக் குளிர்ல நனைய வேண்டாம்.”

“நனையறது எனக்குப் பாரமாவே இல்லையே” என்றாள்.

நான் சொன்னதில் பொய் இல்லை. அந்த வருஷம் பலர் வீட்டிலேயே அரைத்துக் குடித்தார்கள், தேறவும் செய்தார்கள். மற்றவர்களோ, பெயர் வெளியே தெரிந்துவிட்டதால் அவள் மருந்து இனிப் பலிக்காது என்றார்கள். அக்காவும் அப்படித்தான் நம்பினாள். ஆனாலும் கொஞ்ச நாள் விடியலில் குளித்துவிட்டு வாசலில் வந்து நின்று பார்த்தாள். பொங்கல் விடுமுறையில் நானே அதைக் கண்டேன். யாரும் வரவில்லை.

அப்படி நின்ற ஒரு காலையில்தான் அதே வண்டிக்காரர் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் புறப்பட்டு வந்தார். அக்காவைக் கண்டதும் மாட்டை இழுத்துப் பிடித்தார். நல்ல மனிதர். முகம் சுளிக்கவில்லை. “தப்பா நெனைக்காதீங்கம்மிணி, நல்ல காரியத்துக்குப் போறனுங்க” என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். அக்கா உள்ளே போனாள். அதற்குப் பிறகு காலையில் அவள் வாசலுக்கு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு என்னை நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. விடியலில் புறப்பட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

“நான் கட்டுத்தரையில மாட்டுக்கிட்ட இருக்கறேன் சாமி. முன்னால வரமாட்டேன். நீ தைரியமாக் கெளம்பு.”

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. அதைக் கண்டித்துக் காலேஜில் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். முன்னால் வா அக்கா, உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் எடுத்தேன். ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.

“சரிக்கா” என்றேன்.

வேலை கிடைத்தது. அக்கா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள். விடுமுறைக்கு வந்து திரும்பும்போதெல்லாம் விடியற்காலத்தில்தான் புறப்படுவேன். ஒவ்வொரு முறையும் அவள் கட்டுத்தரையிலிருந்தே போய்வரச் சொன்னாள். ஒருமுறைகூட நான் அவளை வாசலுக்குக் கூப்பிடவில்லை.